மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போன்: எல்லையோர வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் எல்லையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. இங்குள்ள பெரியவர்களுக்கு வீட்டுப் பேச்சு தமிழ், பஞ்சாயத்திலிருந்து வரும் கடிதம் மலையாளம், மருந்துச் சீட்டு ஆங்கிலம். பென்ஷன் கேரளத்திலிருந்து வருகிறது. இதய மருத்துவர் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூரிலோ, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியிலோ இருக்கிறார். பிள்ளைகள் பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலையில் இருக்கிறார்கள். சிதறிக் கிடக்கும் இவற்றையெல்லாம் இன்று ஒரு மொபைல் போன்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் போனைக் கையாள்பவர் பெரும்பாலும் மருமகளாகவோ, பக்கத்து வீட்டு அக்காவாகவோ, மாதச் சம்பளத்துக்கு வந்து தங்கும் ஹோம் நர்ஸாகவோ இருக்கிறார்.

கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 2025 ஆகஸ்ட் 21 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்காக வீடு வீடாக வந்து போனில் அழைப்பதையும், இணையத்தில் தேடுவதையும், அரசுச் சேவைகளைப் பெறுவதையும் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தனக்காகப் போனைப் பயன்படுத்துவதும், படுக்கையில் இருக்கும் இன்னொருவருக்காகப் பயன்படுத்துவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதில் அடுத்தவரின் உடம்பு, பணம், மானம் மூன்றும் உங்கள் விரல் நுனியில் இருக்கின்றன. எனவே போனில் என்னென்ன இருக்கிறது என்ற வரிசையை விட்டுவிட்டு, பராமரிப்பு வேலையில் எது முதலில் தேவைப்படுகிறது என்ற வரிசையில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒரு படி கைக்கு வந்து பழகிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு படி என்றால்கூடப் போதும், அவசரமில்லை.

முதல் படி: எந்தப் போன், யாருடைய எண்

பெரியவரின் ஆதார், வங்கிக் கணக்கு, பென்ஷன் ஆகியவற்றோடு இணைந்திருக்கும் எண் எது என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது தாத்தாவின் பழைய பட்டன் போனில் இருக்கும் எண்ணாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் அலமாரியில் கிடக்கும். ஓடிபி வரவேண்டிய நாளில்தான் அந்த எண் துண்டிக்கப்பட்டிருப்பது தெரியவரும். நீண்ட நாள் பயன்பாட்டில் இல்லாத எண் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடவும் கூடும் என்பதால், அந்தச் சிம்முக்குக் காலாகாலத்தில் ரீசார்ஜ் செய்வதைப் பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தச் சிம்மை உங்கள் சொந்தப் போனில் போட்டுக்கொள்ளாதீர்கள், வீட்டார் சொன்னாலும் வேண்டாம். அவருடைய வங்கிச் செய்தி உங்கள் போனுக்கு வரத் தொடங்கினால், நாளை கணக்கில் எந்தக் குழப்பம் நேர்ந்தாலும் முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான்.

போனை வைக்க ஓர் இடம் குறித்துவிடுங்கள். மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில், சார்ஜர் எட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. அமைப்புகளுக்குள் சென்று எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, அதிலுள்ள மைக் குறியைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாக வரும். தட்டச்சு பழகாதவர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதி தயக்கம் போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் பாதுகாப்பு, அவசரத் தகவல் பகுதியில் இரத்த வகை, ஒவ்வாமை, பிள்ளைகளின் எண் ஆகியவற்றைப் பதிந்தால், பூட்டைத் திறக்காமலேயே மற்றவர்கள் அவற்றைப் பார்க்க முடியும்.

எண்களைச் சேமிக்கும்போது அவசரத்தில் கண்ணில் படும்படி பெயரிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசரத்துக்கு 112, கேரள சுகாதாரத் துறையின் திசா உதவி எண் 1056, மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. இவற்றோடு வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர், பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் (படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பவர்), இரவிலும் வரக்கூடிய ஓர் ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பதிவு

வந்த புதிதில் எல்லோரும் வீடியோ காலையும் பணம் அனுப்புவதையும்தான் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். ஆனால் பெரியவரின் உயிருக்கு மிக நேரடியாக உதவும் திறமை, அளந்ததை அளந்தபடி பதிந்துவைப்பது. அதனால் இந்தப் படியில் அதிக நேரம் நிற்கிறேன்.

அளவு தவறினால் பதிவும் தவறு. இரத்த அழுத்தம் பார்க்கும்முன் பெரியவரைச் சிறுநீர் கழித்துவரச் செய்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காரவையுங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்திருக்கக் கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். சர்க்கரை பார்ப்பதற்கு முன்னால் அவருடைய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். முதலமடைப் பக்கம் மாம்பழக் காலத்தில் இதை மறக்கவே கூடாது. பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே கருவியில் அளவை உயர்த்திக் காட்டிவிடும்.

அளந்ததும் கருவியின் திரையைப் படம் எடுத்துவிட்டு, நோட்டிலும் எழுதுங்கள். பிறகு அந்தப் பெரியவருக்கென்றே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள்: "காலை 7.10, சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை 142, அழுத்தம் 138/84, ராத்திரி இரண்டு முறை எழுந்தார்." இந்தக் குழுவில் பிள்ளைகளும் நீங்களும் தவிர வேறு யாரும் வேண்டாம், காலை வணக்கப் படங்களும் வேண்டாம். "நல்லா இருக்காங்க" என்ற செய்தி வெளியூர்ப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கலாம், மருத்துவருக்கு அதனால் பயன் இல்லை. குரல் பதிவும் அப்படித்தான்: மூன்று மாதம் கழித்து ஒரு குறிப்பிட்ட நாளின் அளவைத் தேடினால், எழுதியது தேடலில் கிடைக்கும், பேசியது கிடைக்காது.

சர்க்கரை 70-க்குக் கீழே காட்டினால் பதிவெல்லாம் அப்புறம். நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது மருந்துப் பட்டியல். ஒவ்வொரு அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து, போனில் ஒரு தனித் தொகுப்பில் வையுங்கள். மாத்திரையைக் கிள்ளும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். அட்டையில் நிறுவனம் வைத்த பெயர்தான் பெரும்பாலும் நம் மனதில் பதியும். மருந்தின் உண்மைப் பெயர் அதற்கு மேலேயோ கீழேயோ தனியாக அச்சிட்டிருக்கும். படத்தில் அந்தப் பெயரைப் பெரிதாக்கிப் படித்து எழுதிவைப்பதுதான் இங்கே கற்க வேண்டிய வித்தை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டியம்மா ஒரு வாரமாகக் கால் வீங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தார். மருமகள் எல்லா அட்டைகளையும் படமெடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, பாலக்காட்டில் எழுதிய மாத்திரையிலும் கோயம்புத்தூரில் எழுதிய மாத்திரையிலும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்து இருந்தது. நிறமும் பெயரும் வேறு, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அந்தப் படங்களை மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்ன பிறகே ஒன்றை நிறுத்தினார்கள். இரண்டு மாநிலத்திலும் வைத்தியம் பார்க்கும் நம் பகுதியில் இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஒன்றே இரண்டாக இருப்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, நிறுத்துவது மருத்துவரின் வேலை.

அலாரம் வைக்கும்போது வெறும் நேரத்தை மட்டும் வைக்காமல் "சாப்பிட்ட பின் வெள்ளை மாத்திரை" என்பதுபோலத் தமிழில் பெயரிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போன நாளில் வேறொருவர் அந்தப் போனைப் பார்த்தாலும் அது அவருக்குப் புரிய வேண்டும்.

மூன்றாம் படி: திரை வழியே மருத்துவர்

ஈ-சஞ்சீவனி என்பது மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவை. அதன் செயலியிலோ தளத்திலோ மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் பதிந்து, நோயாளியின் பெயர், வயது, தொந்தரவு ஆகியவற்றை நிரப்பினால் டோக்கன் கிடைக்கும். முறை வந்ததும் மருத்துவர் வீடியோவில் பேசுவார். முடிந்ததும் மருந்துச் சீட்டைப் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். நோயாளி என்ற இடத்தில் உங்கள் பெயரை நிரப்பிவிடாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம்.

அழைப்புக்கு முன் பெரியவரின் முகத்தில் சன்னல் வெளிச்சம் விழும்படி உட்காரவைத்து, மருந்துப் பட்டியலையும் கடந்த ஒரு வாரப் பதிவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவரால் பேச முடியும் என்றால் முதலில் அவரே பேசட்டும். விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. நமக்கு மலையாளம் புரியும், அவர்களுக்கும் தமிழ் ஓரளவு புரியும் என்ற தைரியத்தில் பேசுகிறோம். ஆனால் சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறும் இடங்கள் இருக்கின்றன. தமிழில் "மயக்கம் வந்தது" என்றால் தலைசுற்றி நினைவு தடுமாறியதைச் சொல்கிறோம். மலையாளத்தில் மயக்கம் என்றால் பெரும்பாலும் தூக்கச் சடைவு என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். வாந்தியை அங்கே "சர்தி" என்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி இப்படிப்பட்ட சொற்களை விட்டுவிடாதீர்கள். நோயின் பெயரைச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்லுங்கள்: "கட்டிலிலிருந்து எழுந்தார், கண் இருட்டியது என்றார், சுவரைப் பிடித்தார், கூப்பிட்டதற்குப் பதில் சொன்னார், இரண்டு நிமிடத்தில் சரியானது." இப்படிச் சொன்னால் எந்த மொழியிலும் பொருள் மாறாது. பஞ்சாயத்துக் கடிதத்தைப் படிக்கக் கூகுள் லென்ஸ் போன்ற கேமரா மொழிபெயர்ப்பு உதவும். உடம்பைப் பற்றிப் பேச அதை நம்ப வேண்டாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், தலையில் அடிபட்ட வீழ்ச்சி ஆகியவற்றுக்குத் திரை மருத்துவம் கூடாது. உடனே 108. எல்லைக் கிராமங்களில் போன் எந்த மாநிலத்துக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போய்விடுவது உண்டு. ஆகவே உங்கள் முதல் வாக்கியத்திலேயே ஊர், பஞ்சாயத்து, மாவட்டம், மாநிலம் நான்கையும் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே நாக்கில் வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைப் பகிர்வதை ஒரு சாதாரண நாளில் இரண்டு மூன்று முறை செய்து பழகுங்கள்.

நான்காம் படி: பணம்

பெரியவரின் பின் எண் (போனில் பணம் அனுப்பப் போடும் ரகசிய எண்) உங்களுக்குத் தெரியவே கூடாது. அவர் அன்போடு சொல்ல வந்தால்கூட "வேண்டாம் தாத்தா, நீங்களே போடுங்க" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். மளிகைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில், கணக்குக்காரர் இன்னொருவரைத் தன் கணக்கிலிருந்து செலவு செய்ய அனுமதிக்கலாம். பகுதி அனுமதி என்றால் நீங்கள் கடையில் ஸ்கேன் செய்ததும் அவருடைய போனுக்குக் கேள்வி போகும். அவர் தன் பின் எண்ணைப் போட்டால்தான் பணம் போகும். முழு அனுமதி என்றால் மாதம் அதிகபட்சம் 15,000 ரூபாய்க்குள் அவர் குறித்த வரம்புவரை நீங்களே செலவு செய்யலாம். பெங்களூரில் இருக்கும் மகள் தன் கணக்கிலிருந்து பகுதி அனுமதி கொடுத்துவைப்பது பராமரிப்பாளருக்கும் குடும்பத்துக்கும் ஒருசேரப் பாதுகாப்பான ஏற்பாடு என்பது என் கருத்து. ஒவ்வொரு பில்லையும் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

பணம் அனுப்புவதற்குத்தான் பின் எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டாம். "உங்களுக்குப் பென்ஷன் பாக்கி வந்திருக்கிறது, இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று எவராவது சொன்னால் அது திருட்டு. வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை, கரண்ட் பில் என்றோ வங்கி என்றோ எழுதியிருந்தாலும், நிறுவாதீர்கள். காவல் அதிகாரி சீருடையில் வீடியோ காலில் வந்து பெரியவரை "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாக மிரட்டினால் அழைப்பைத் துண்டியுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. தனியாக இருக்கும் பெரியவர்கள் பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மணிக்கணக்கில் திரைமுன் உட்கார்ந்துவிடுகிறார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் நீண்ட நேரம் போனில் இருந்தால் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டிருக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் மோசடியால் போன பணத்தை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. பின் எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் தலையில்தான். எப்படியானாலும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதால்தான் பல வீடுகளில் மீட்க முடிந்த பணமும் போய்விடுகிறது. பிள்ளைகளும் இதைப் படிக்க நேர்ந்தால், தவறு நடந்தால் உடனே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று பராமரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் படி: பென்ஷனும் மஸ்டரிங்கும்

கேரளத்தின் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் வாங்குவோர் அட்சயா என்ற அரசு இணையச் சேவை மையத்தில் மஸ்டரிங், அதாவது உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு, செய்ய வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் மையத்தில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வீட்டுக்கே வந்து செய்வார்கள். ஜீப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் இருக்கிறது. மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது என்பதால், முகத்தைக் காட்டிச் செய்யும் முறையே நமக்கு வசதி. ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் ஜீவன் பிரமாண் முகச் செயலியையும் நிறுவி, முதலில் இயக்குபவராக உங்கள் முகத்தையும், பிறகு பென்ஷன்காரரின் முகத்தையும் பதிய வேண்டும். பென்ஷன் ஆணை எண், கணக்கு எண், இணைக்கப்பட்ட மொபைல் எண் மூன்றையும் முன்பே எழுதிவையுங்கள். கண் சிமிட்டச் சொல்லும்போது பெரியவருக்குக் காது கேட்காமல் போகலாம். அவருக்குத் தெரியும்படி முன்னால் நின்று நீங்களும் சிமிட்டிக் காட்டுங்கள். முடிந்ததும் வரும் பிரமாண் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

பழகும் விதமும் மானமும்

இவற்றைத் தனியாக உட்கார்ந்து கற்பது கடினம். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலோ (பெண்களின் சுய உதவிக் குழு) ஊர் வாசகசாலையிலோ நான்கைந்து பராமரிப்பாளர்கள் மதியம் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் கூடினால் போதும். சொல்லிக்கொடுப்பவர் உங்கள் போனைக் கையில் வாங்கிச் செய்துகாட்ட அனுமதிக்காதீர்கள். தவறினாலும் உங்கள் விரல்தான் தொட வேண்டும். பணம் அனுப்பப் பழகும்போது 1 ரூபாயை ஒருவருக்கொருவர் அனுப்பிப் பாருங்கள்.

படம் எடுப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். படுக்கைப் புண்ணைப் பாலியேட்டிவ் நர்ஸுக்குக் காட்டப் படம் தேவைப்படும். அப்போது பெரியவரிடம் கேட்டு, முகம் விழாமல், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். நர்ஸுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பார்த்ததும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் வீடியோ காலை எடுக்கவே கூடாது, அழைப்பது சொந்த மகனாக இருந்தாலும். மறதி நோய் உள்ளவர் பேசும் வேடிக்கையான பேச்சை ஸ்டேட்டஸில் போடுவது எனக்கு மிகவும் வேதனை தரும் பழக்கம். அவருக்குத் தெளிவு இருந்த காலத்தில் அதற்குச் சம்மதித்திருப்பாரா என்று ஒரு நொடி யோசியுங்கள்.

பொறுப்பு முடியும்போது

நீங்கள் வேறு வீட்டுக்கு மாறும்போது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகும்முன் நோட்டையும் மருந்துப் படத் தொகுப்பையும் புதிதாக வருபவருக்குக் காட்டிக் கொடுங்கள். யுபிஐ சர்க்கிள் அனுமதியை ரத்து செய்யும்படி மகளிடமோ மகனிடமோ நீங்களே கேளுங்கள். உங்கள் போனில் இருக்கும் ஆதார்ப் படம், பாஸ்புக் படம் எல்லாவற்றையும் அவர்கள் முன்னிலையில் நீக்கி, நீக்கியவை தங்கும் குப்பைத் தொகுப்பையும் காலி செய்யுங்கள்.

பெரியவர் காலமாகிவிட்டால், இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கேரளப் பஞ்சாயத்துகளில் கே-ஸ்மார்ட் என்ற அரசுத் தளம் வழியாக இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பென்ஷன் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டியது குடும்பத்தார். அதுவரை அவருடைய ஏடிஎம் அட்டையை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்காதீர்கள். செலவுக்கு அவசரம் என்றாலும் அந்தப் பணம் இனி வாரிசுகள் வழியாகவே வர வேண்டும். அவருடைய எண் மட்டும் சில மாதங்கள் உயிரோடு இருக்கட்டும், கணக்கை முடிக்கவும் வாரிசுச் சான்றிதழ் பெறவும் அந்த எண்ணுக்கு ஓடிபி வரக்கூடும். போனைச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடும் நோட்டோடும் சேர்த்துப் பிள்ளைகளின் கையில் ஒப்படையுங்கள்.